பெரிய ட்ரோன் மேப்பிங் பணிகளைச் செயலாக்குவது எப்படி: கணினித் தேர்வு முதல் இறுதிக் கோப்பு வரை முழுமையான வழிகாட்டி

ட்ரோன் எடுத்த படங்களை மென்பொருளால் இணைத்து வரைபடமாக்குவதே ட்ரோன் மேப்பிங். நானூறு, ஐந்நூறு படங்கள் கொண்ட ட்ரோன் மேப்பிங் பணியை ஓரளவு நல்ல எந்தக் கணினியிலும் முடித்துவிடலாம். படங்களின் எண்ணிக்கை 10,000ஐ நெருங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்த அளவில் பணி பாதியில் நிற்பதற்குக் கணினியின் வேகக் குறைவு காரணமாக இருப்பது அபூர்வம். ராம் தீர்ந்துபோகிறது, டிஸ்க் நிரம்பிவிடுகிறது, மின்சாரம் போகிறது, அல்லது ட்ரோன் பறந்த அன்றே கண்டுபிடித்திருக்க வேண்டிய தரவுப் பிழை ஒன்று முப்பது மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு வெளியே வருகிறது. ஆகவே இந்த வழிகாட்டி இரண்டு விஷயங்களை அழுத்தமாகச் சொல்கிறது. பணத்தை முதலில் ராமிலும் டிஸ்க்கிலும் போடுங்கள். கிராபிக்ஸ் கார்டு அதற்குப் பிறகு வரட்டும். கனமான எந்த வேலையையும் தொடங்கும் முன் அதன் சிறிய வடிவத்தை ஓட்டிப் பாருங்கள்.

முதலில் கணக்கு

கணினியின் விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன், கையிலுள்ள பணி எவ்வளவு பெரியது என்பதைக் காகிதத்தில் கணக்கிட வேண்டும். ஓர் ஏரியும் அதன் ஆயக்கட்டுமாகச் சேர்ந்து 10 சதுர கிலோமீட்டர் பரப்பை, டிஜேஐ பேண்டம் 4 ஆர்டிகே போன்ற 20 மெகாபிக்சல் கேமராவால் 100 மீட்டர் உயரத்திலிருந்து படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கேமராவில், பறக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து 36.5ஆல் வகுத்தால் தரையில் ஒரு பிக்சல் எத்தனை சென்டிமீட்டர் என்பது கிடைக்கும். 100 மீட்டருக்கு அது 2.74 செ.மீ. படம் 5472க்கு 3648 பிக்சல் என்பதால், ஒரு படம் தரையில் ஏறத்தாழ 150 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் கொண்ட பரப்பைப் பிடிக்கிறது. முன்பின் ஓவர்லேப் (அடுத்தடுத்த படங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியும் பரப்பு) 80 விழுக்காடு, பக்கவாட்டு ஓவர்லேப் 70 விழுக்காடு என்று வைத்தால், அடுத்தடுத்த படங்கள் 20 மீட்டருக்கு ஒன்றாகவும் பறக்கும் கோடுகள் 45 மீட்டருக்கு ஒன்றாகவும் அமையும். அதாவது 900 சதுர மீட்டருக்கு ஒரு படம். 10 சதுர கிலோமீட்டருக்கு 11,000 படங்களைத் தாண்டும். விளிம்புகளில் கூடுதலாகப் பறப்பதையும் சேர்த்தால் 12,000 என்று வைத்துக்கொள்ளலாம். படம் ஒன்று 8 எம்பி என்றால் மூலத் தரவு மட்டுமே 100 ஜிபியை நெருங்கும்.

இதே பரப்பை 45 மெகாபிக்சல் கொண்ட சென்மியூஸ் பி1 கேமராவில், 35 மி.மீ. லென்சுடன், அதே உயரத்திலும் அதே ஓவர்லேப்பிலும் எடுத்தால் தரைப் பிக்சல் 1.26 செ.மீ.ஆகச் சுருங்கும், படங்களோ 23,000ஐத் தாண்டும். ஒவ்வொரு படத்திலும் பிக்சல்கள் இரண்டு மடங்குக்கும் மேல் இருப்பதால், கணினி கையாள வேண்டிய மொத்தத் தரவு ஏறத்தாழ ஐந்து மடங்கு ஆகிறது. வாடிக்கையாளருக்கு உண்மையில் எத்தனை சென்டிமீட்டர் நுட்பம் தேவை என்பதைப் பறக்கும் முன்பே எழுத்தில் பெற்றுவிடுவது, எந்த பிராசசரையும் விட அதிக நேரத்தை மிச்சப்படுத்தும். 5 செ.மீ. போதுமான வேலைக்கு 1.25 செ.மீ.யில் படமெடுத்துவிட்டுப் பிறகு கணினியைக் குறை சொல்வதில் பயனில்லை.

வெளியீட்டுக் கோப்புகளின் அளவையும் இப்போதே கணக்கிட்டுவிடலாம். 10 சதுர கிலோமீட்டர் ஆர்த்தோவை (சிதைவு நீக்கி இணைத்த ஒரே மேல்நோக்குப் படத்தை) 3 செ.மீ. பிக்சலில் எடுத்தால் 1,110 கோடி பிக்சல்கள் வரும். சுருக்கப்படாத நிலையில் மூன்று வண்ணங்களுக்கு 33 ஜிபி, வெளிப்படைத்தன்மைப் பட்டையையும் சேர்த்தால் 44 ஜிபி. பாயிண்ட் கிளவுடை (நிலப்பரப்பைக் காட்டும் முப்பரிமாணப் புள்ளிகளின் தொகுப்பை) பாதி நுட்பத்தில், அதாவது ஏறத்தாழ 6 செ.மீ.க்கு ஒரு புள்ளி என்று உருவாக்கினால் 280 கோடி புள்ளிகள். வண்ணத்துடன் ஒரு புள்ளிக்கு 26 பைட் வீதம் எல்ஏஎஸ் கோப்பாக 70 ஜிபிக்கு மேல். இடைக்கோப்புகள் இவற்றைவிடப் பெரியவை. மூலப் படங்களின் அளவைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு காலியிடம் வேலை டிஸ்க்கில் இல்லாமல் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எந்தக் கட்டத்தில் எந்தப் பாகம் உழைக்கிறது

படங்களிலிருந்து வரைபடம் உருவாவது ஒரே வேலை போலத் தோன்றினாலும், உள்ளே வெவ்வேறு குணமுள்ள ஐந்தாறு வேலைகள் நடக்கின்றன. முதலில் மென்பொருள் ஒவ்வொரு படத்திலும் அடையாளம் காணத்தக்க ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தேடுகிறது. பிறகு படங்களை இரண்டிரண்டாக எடுத்து அந்தப் புள்ளிகளைப் பொருத்துகிறது. 12,000 படங்களை ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றுடனும் ஒப்பிட்டால் 7.2 கோடி ஜோடிகள் வரும். ஆனால் மேலே சொன்ன ஓவர்லேப்பில் ஒரு படம் தரையைப் பகிர்ந்துகொள்வது சுற்றியுள்ள 62 படங்களுடன் மட்டுமே என்பதால், படத்தில் பதிந்துள்ள ஜிபிஎஸ் நிலையைக் கொண்டு அண்டைப் படங்களை மட்டும் ஒப்பிடச் சொன்னால் ஜோடிகள் நான்கு லட்சத்துக்குள் அடங்கிவிடும். மெட்டாஷேப் என்னும் மேப்பிங் மென்பொருளில் இதற்கு ரெஃபரன்ஸ் ப்ரீசெலக்‌ஷன் என்று பெயர். பெரிய பணியில் இந்த ஒரு டிக் விடுபட்டால் எந்தக் கணினியும் தாங்காது.

அடுத்து வருவது பண்டில் அட்ஜஸ்ட்மென்ட். எல்லாக் கேமரா நிலைகளையும் எல்லாப் புள்ளிகளையும் ஒரே பெரிய சமன்பாட்டுத் தொகுதியாகத் தீர்க்கும் இந்தக் கட்டத்தில் கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் சும்மா இருக்கும். ராமும் ஒவ்வொரு கோரின் தனி வேகமும்தான் முக்கியம். இதன் சில பகுதிகள் ஒரே கோரில் ஓடுவதால், 64 கோர் பிராசசரை வாங்கியவர்கள் டாஸ்க் மேனேஜரில் 63 கோர்கள் தூங்குவதைப் பார்க்க நேரிடும். டெப்த் மேப் (படத்தின் ஒவ்வொரு பிக்சலும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்ற கணக்கு) உருவாக்கம் இதற்கு நேர்மாறானது: ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகக் கையாள முடிவதால் கிராபிக்ஸ் கார்டு முழு வேகத்தில் ஓடும். டெப்த் மேப்களைச் சேர்த்துப் பாயிண்ட் கிளவுட் ஆக்கும்போது சுமை மீண்டும் ராமுக்கும் டிஸ்க்குக்கும் மாறும். டிஎஸ்எம் (தரையும் அதன் மேலுள்ளவையும் சேர்ந்த உயர மாதிரி), ஆர்த்தோ ஆகிய இறுதிக் கட்டங்கள் டிஸ்க்கில் ஏராளமாகப் படிப்பதும் எழுதுவதுமாகவே கழியும்.

கணினியைத் தேர்ந்தெடுத்தல்

ராமிலிருந்து தொடங்குவோம். இலவச மென்பொருளான ஓபன் ட்ரோன் மேப் தன் ஆவணத்தில் 250 படங்களுக்கு 16 ஜிபி, 500க்கு 32, 1,500க்கு 64, 2,500க்கு 128, 5,000 படங்களுக்கு 256 ஜிபி என்று ராமும் ஸ்வாப்பும் (ராம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) சேர்ந்த அளவைப் பரிந்துரைக்கிறது. மெட்டாஷேப் இதைவிடச் சிக்கனமாக ராமைப் பயன்படுத்தும். எந்த மென்பொருளாக இருந்தாலும், 12,000 படங்களைத் தொகுதிகளாகப் பிரித்துச் செய்ய 128 ஜிபி குறைந்தபட்சம். 192 ஜிபி இருந்தால் நிம்மதி. 64 ஜிபியில் செய்யவே முடியாது என்பதில்லை. ஆனால் தொகுதிகள் மிகச் சிறியதாகி, அவற்றை ஒட்டவைக்கும் வேலையும் விளிம்புப் பிழைகளும் கூடிவிடும்.

சாதாரண டெஸ்க்டாப் மதர்போர்டுகளில் டிடிஆர்5 ராம் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் வேகம் குறையும். ரைசன் 9 7950எக்ஸ் பிராசசருக்கு அதிகாரபூர்வ வேகம் இரண்டு ஸ்டிக்குகளில் 5200, நான்கு ஸ்டிக்குகளில் 3600. ஆகவே 32 ஜிபி ஸ்டிக் நான்கைக் காட்டிலும் 64 ஜிபி ஸ்டிக் இரண்டு மேல். அவை மதர்போர்டின் ஆதரவுப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்து, ஒரே கிட்டாக வாங்குங்கள். நான்கு போட்டே ஆக வேண்டும் என்றால் போடுங்கள். வேகம் குறைந்த 192 ஜிபி, ராம் தீர்ந்து டிஸ்க்கில் தட்டுத்தடுமாறும் 96 ஜிபியை விடப் பல மடங்கு நல்லது. புதிதாக ராம் போட்டபின் முதல்முறை இயக்கும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். மதர்போர்டு ராமைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பதறி ஸ்விட்சை அணைத்துவிடக் கூடாது. அதன் பிறகு ஓர் இரவு முழுவதும் மெம்டெஸ்ட் என்ற ராம் சோதனையை ஓட்டுங்கள். குறையுள்ள ஒரு ஸ்டிக், உலாவியும் எக்செலும் ஓட்டும்வரை தெரியாது. இருபதாவது மணி நேரத்தில் காரணமே சொல்லாமல் மென்பொருளை மூடிவிடும்.

பிராசசரில் 16 கோரும் உயர்ந்த வேகமும் உள்ள ஒன்றே இன்றைய நிலையில் சரியான தேர்வு. ரைசன் 9 அல்லது அதற்கு ஈடான கோர் ஐ9 வரிசை போதும். 256 ஜிபிக்கு மேல் ராம் வேண்டும் என்னும்போதுதான் த்ரெட்ரிப்பர் போன்ற வொர்க்ஸ்டேஷன் மேடைக்குப் போக வேண்டும். அப்போதும் கோர் எண்ணிக்கைக்காகப் போகாமல், ராம் ஸ்லாட்டுக்காகவும் பிழையைத் தானே திருத்தும் இசிசி ராமுக்காகவும் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு என்விடியாவே பாதுகாப்பான தேர்வு. காரணம், சில முக்கிய மென்பொருள்கள் என்விடியாவின் ‘கூடா’ (CUDA) என்ற கணக்கீட்டு வசதி இல்லாமல் ஓடாது. கார்டின் சொந்த நினைவகம் 12 ஜிபியாவது இருக்கட்டும். ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி வடிவமேகூட டெப்த் மேப் வேலையைக் கௌரவமாகச் செய்யும். 24 ஜிபி கொண்ட ஆர்டிஎக்ஸ் 4090 டெப்த் மேப் கட்டத்தை வெகுவாகக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கட்டம் மொத்த ஓட்டத்தில் ஒரு பகுதிதான். இரண்டாவது கார்டு வாங்க நினைப்பவர்கள், அந்தப் பணத்தில் ராமை இரட்டிப்பாக்கியாகிவிட்டதா, டிஸ்க் போதுமா என்று முதலில் பார்க்கட்டும்.

டிஸ்க்கை மூன்று அடுக்காக அமையுங்கள். இயங்குதளத்துக்கு 1 டிபி என்விஎம்இ (அதிவேக எஸ்எஸ்டி) ஒன்று. நடப்பு வேலைக்கு மட்டுமே 4 டிபி என்விஎம்இ இன்னொன்று. முடிந்த பணிகளுக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க்குகள். நான்காம் தலைமுறை என்விஎம்இ நொடிக்கு 7,000 எம்பி வரை படிக்கும்; சாட்டா எஸ்எஸ்டி 550; ஹார்ட் டிஸ்க் 200 சுற்று. வேலை டிஸ்க்கில் க்யூஎல்சி வகையைத் தவிர்த்து டிஎல்சி வகையை வாங்குங்கள். க்யூஎல்சி டிஸ்க் தொடக்கத்தில் வேகமாக எழுதிவிட்டு, அதன் தற்காலிக இடம் நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க்கைவிட மெதுவாகிவிடக்கூடும். நூற்றுக்கணக்கான ஜிபியைத் தொடர்ந்து எழுதும் நம் வேலையில் அந்த நிலை உறுதியாக வரும். அலுவலகத்தின் நெட்வொர்க் சேமிப்பகத்திலிருந்து நேரடியாகச் செயலாக்குவதும் வேண்டாம். சாதாரண கிகாபிட் லேன் நொடிக்கு 110 எம்பியோடு நின்றுவிடும்.

மின்சாரமும் வெப்பமும்

இந்தப் பகுதியைப் பலர் கடந்துபோய்விடுகிறார்கள்; நம் ஊரில் இதுதான் பெரும்பாலான பணிகளைக் கெடுக்கிறது. 4090 கார்டு 450 வாட் வரையும் 7950எக்ஸ் 230 வாட் வரையும் இழுக்கும். மற்றவற்றையும் சேர்த்தால் உச்சத்தில் 750 வாட்டைத் தாண்டும். இதற்கு 1,000 வாட்டுக்குக் குறையாத தரமான எஸ்எம்பிஎஸ் வேண்டும். கடையில் கணினியோடு சேர்த்துத் தரும் 600 விஏ யுபிஎஸ் இந்தச் சுமையில் மின்சாரம் போன கணமே அணைந்துவிடும். 2 கேவிஏ ஆன்லைன் யுபிஎஸ் சரியானது. வீட்டு இன்வெர்ட்டரை நம்பியிருப்பவர்கள் அதன் பின்புறச் சுவிட்ச் யுபிஎஸ் நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இக்கோ நிலையில் மாறும் நேரம் அதிகம் என்பதால் கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

சராசரி 700 வாட்டில் 40 மணி நேரம் ஓடினால் 28 யூனிட். மேற்கோள் விலை கொடுக்கும்போது இதையும் ஏசி ஓடும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திர நாட்களில் ஏசி இல்லாத அறையில் இந்தக் கணினி பகல் முழுக்க ஓடினால் பிராசசர் சூட்டில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காற்றோட்டமுள்ள கேபினட்டும், மாதம் ஒருமுறை தூசி தட்டுவதும் விலையுயர்ந்த கூலரைவிட அதிகம் உதவும். விண்டோஸ் தானியங்கி அப்டேட்டால் நள்ளிரவில் ரீஸ்டார்ட் ஆகாதபடி நிறுத்தி வையுங்கள். ஸ்லீப் நிலையையும் அணைத்துவிடுங்கள்.

லேப்டாப்பில் இவ்வளவு பெரிய பணியைச் செய்ய முயல வேண்டாம். களத்தில் படங்களைச் சரிபார்க்க அது அவசியம், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் படி: படங்களைப் பத்திரமாகக் கொண்டுவருதல்

ஒவ்வொரு பறத்தலுக்கும் தேதி, ட்ரோன் எண், பறத்தல் எண் கொண்ட தனி ஃபோல்டர் வையுங்கள். பல ட்ரோன்களில் படத்தின் எண் 999ஐ எட்டியதும் அடுத்த ஃபோல்டரில் மீண்டும் 1இலிருந்து தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் பழைய படங்களின் மேல் புதியவை எழுதப்பட்டுவிடும். ஓபன் ட்ரோன் மேப் எல்லாப் படங்களையும் ஒரே ஃபோல்டரில் கேட்பதால், நகலெடுக்கும் முன் எக்சிஃப்டூல் என்ற மென்பொருளைக் கொண்டு, எடுத்த தேதியும் நேரமும் பெயரில் வருமாறு மாற்றிவிடுங்கள். நகலெடுத்த பின் ஹேஷ் ஒப்பீடு (நகல் மூலத்தோடு முற்றிலும் ஒத்திருக்கிறதா என்ற சோதனை) செய்து, இரண்டாவது டிஸ்க்கிலும் ஒரு நகல் எடுத்து, அதன் பிறகே மெமரி கார்டை அழிக்க வேண்டும்.

களத்திலேயே பார்க்க வேண்டியவை: படங்களின் எண்ணிக்கை பறத்தல் திட்டத்தோடு ஒத்துப்போகிறதா, ஆர்டிகே (பறக்கும்போதே ஜிபிஎஸ் நிலையைச் சென்டிமீட்டர் அளவுக்குத் திருத்தும் முறை) நிலை எல்லாப் படங்களிலும் ஃபிக்ஸ் (முழுத் திருத்தம் கிடைத்த நிலை) ஆகப் பதிவாகியிருக்கிறதா, மங்கலான படங்கள் உள்ளனவா, புறப்படும்போதும் இறங்கும்போதும் எடுத்த வேண்டாத படங்கள் கலந்திருக்கின்றனவா. ஏரியின் நீர்ப்பரப்பில் பொருத்துவதற்கான புள்ளிகள் கிடைக்காது. காற்றில் ஆடும் தென்னந்தோப்பில் கிடைக்கும் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. இந்த இரண்டு இடங்களிலும் ஓவர்லேப்பைக் கூட்டி, காற்றடிக்காத காலை நேரத்தில் பறந்திருக்க வேண்டும். கரையே தெரியாமல் முழுக்க நீர் மட்டும் உள்ள படங்களைத் தனியே எடுத்து வையுங்கள். அவை கணக்கீட்டுக்கு உதவாமல் நேரத்தை மட்டும் தின்னும்.

இரண்டாம் படி: முன்னோட்டம்

எல்லாப் படங்களையும் சேர்த்து, மிகக் குறைந்த தரத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். மெட்டாஷேப்பில் அலைன்மென்ட் (படங்களைப் பொருத்திக் கேமரா நிலைகளைக் கணக்கிடும் கட்டம்) துல்லியத்தை லோ என்று வைத்தால் போதும். ஓபன் ட்ரோன் மேப்பில் ஃபாஸ்ட் ஆர்த்தோபோட்டோ என்ற தேர்வு அடர் பாயிண்ட் கிளவுட் கட்டத்தையே தவிர்த்துவிட்டு ஒரு தோராய ஆர்த்தோவைத் தரும். சேராமல் விடுபட்ட படங்கள், தரையில் ஓட்டை விழுந்த இடங்கள், ஒரு பறத்தல் மட்டும் மற்றவற்றைவிட உயரமாகவோ தாழ்வாகவோ மிதப்பது எல்லாம் இதிலேயே தெரிந்துவிடும். ட்ரோன் குழு ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன் இந்த முன்னோட்டம் முடிந்திருக்க வேண்டும். மறுபடி ஒரு பறத்தலை நாளைக் காலையே வைத்துக்கொள்வதற்கும், மூன்று வாரம் கழித்து நெல் அறுவடையான நிலத்தின் மேல் வைத்துக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லத் தேவையில்லை.

இதே வேளையில் ஆயத்தொலை முறையையும் தீர்மானியுங்கள். தமிழ்நாட்டில் யுடிஎம் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் ஆயத்தொலை முறை) மண்டலம் 43க்கும் 44க்கும் எல்லையான 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை சேலம், திண்டுக்கல், மதுரை மாவட்டங்களின் ஊடாகப் போகிறது. மென்பொருளில் கொடுக்க வேண்டிய இபிஎஸ்ஜி குறியீட்டு எண் கோவைக்கு 32643, சென்னைக்கு 32644. எல்லைக்கு இருபுறமும் விரியும் பணியில் ஒரே மண்டலத்தைத் தேர்ந்து கடைசிவரை மாற்றாதீர்கள். உயரத்தில் இன்னும் பெரிய பொறி உள்ளது. ஜிபிஎஸ் தருவது நீள்கோள உயரம் (பூமியைச் சீரான நீள்கோளமாக வைத்து அளந்த உயரம்); இந்தப் பகுதியில் அதற்கும் கடல்மட்ட உயரத்துக்கும் 80 மீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு. ஆகவே கடற்கரை ஊர் ஒன்றின் தரை உயரம் மைனஸ் 80க்குக் கீழே காட்டினால் கருவி கெட்டுவிடவில்லை; அதைக் கடல்மட்ட உயரமாக மாற்றும் ஜியாய்டு திருத்தம் இன்னும் செய்யப்படவில்லை. ஜிசிபி (தரையில் அளந்து குறித்த கட்டுப்பாட்டுப் புள்ளி) ஒரு முறையிலும் படங்கள் வேறு முறையிலும் இருந்தால் அலைன்மென்ட் சிதறிவிடும் என்பதால், ஒன்றாக்கிவிட்டே உள்ளே கொண்டுவர வேண்டும்.

மூன்றாம் படி: முழு அலைன்மென்ட்டும் ஜிசிபியும்

அலைன்மென்ட்டை முடிந்தவரை முழுப் பணிக்கும் ஒரே ஓட்டமாகச் செய்யுங்கள். பிறகு டெப்த் மேப்பும் பாயிண்ட் கிளவுடும் உருவாகும் அடர் கட்டத்துக்கு மட்டும் தொகுதிகளாகப் பிரியுங்கள். இந்த வரிசை முக்கியமானது. எல்லாக் கேமராக்களும் ஒரே கணக்கீட்டில் நிலைபெற்றுவிட்டால், பிறகு எத்தனை துண்டாக வெட்டினாலும் விளிம்புகள் ஒன்றோடொன்று பொருந்தும். தனித்தனியாக அலைன் செய்த தொகுதிகளைப் பிற்பாடு ஒட்டினால், எல்லையில் பத்து செ.மீ. படிக்கட்டு விழுவதைச் சரிசெய்யவே இரண்டு நாள் போய்விடும். மெட்டாஷேப்பில் துல்லியம் ஹை, கீ பாயிண்ட் வரம்பு 40,000 என்பது பெரும்பாலான பணிகளுக்குப் போதும். ஹையஸ்ட் என்பது படத்தைச் செயற்கையாகப் பெரிதாக்கிப் பார்ப்பது. பெரிய பணியில் அதற்கு இடமில்லை.

அலைன்மென்ட் முடிந்ததும் ஜிசிபிகளைக் குறியுங்கள். ஆர்டிகே இருக்கும்போது ஜிசிபி தேவையில்லை என்ற பேச்சை நம்பாதீர்கள். நேர்கீழாக மட்டும் எடுத்த படங்களில் லென்சின் குவியத்தூரமும் உயரமும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டிக்கொள்வதால், கிடைநிலையில் எல்லாம் சரியாக இருந்தும் மொத்தப் பரப்பும் செங்குத்தாகச் சில செ.மீ. தள்ளி நிற்க முடியும். விளிம்புகளிலும் நடுவிலும் பரவலாக ஜிசிபி வைத்து, அவற்றில் ஒரு பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் செக் பாயிண்டாக ஒதுக்குங்கள். அறிக்கையில் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டியது செக் பாயிண்ட் பிழையை மட்டுமே. அது ஏற்புடைய அளவுக்குள் வரும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகக் கூடாது. செக் பாயிண்ட்டில் பிழை இருக்கையில் அடர் பாயிண்ட் கிளவுட் ஓட்டுவது, அதே பிழையை 280 கோடி புள்ளிகளில் எழுதிவைப்பதாகும்.

நான்காம் படி: தொகுதிகளாகப் பிரித்து அடர் கட்டம்

இப்போது பணியை ஒரு தொகுதிக்கு 1,500 முதல் 2,000 படங்கள் வரும் அளவில் பிரியுங்கள். பக்கத்துத் தொகுதியோடு குறைந்தது ஒரு படத்தின் தரை அகலம், அதாவது நம் உதாரணத்தில் 150 மீட்டர், பொதுப் பரப்பு இருக்கட்டும். எல்லைக் கோட்டை நீர்ப்பரப்பின் மேலோ அடர்ந்த தோப்பின் மேலோ போடாமல் சாலை, வரப்பு போன்ற உறுதியான இடங்களில் போடுங்கள்.

ஓபன் ட்ரோன் மேப்பில் ஸ்பிளிட் என்ற தேர்வில் ஒரு தொகுதிக்குச் சராசரியாக எத்தனை படம் என்பதையும், ஸ்பிளிட் ஓவர்லேப் என்பதில் எத்தனை மீட்டர் பொதுப்பரப்பு என்பதையும் கொடுத்தால் மென்பொருளே பிரித்து, ஓட்டி, இறுதியில் இணைத்துவிடும். அலுவலகத்தில் பல கணினிகள் இருந்தால் கிளஸ்டர் ஓடிஎம் மூலம் தொகுதிகளைப் பகிர்ந்தளிக்கலாம். ஆனால் இங்கே தொகுதிகள் தனித்தனியாக அலைன் ஆகிப் பிறகு ஒத்திசைக்கப்படுவதால், மூன்றாம் படியில் சொன்ன எச்சரிக்கை பொருந்தும்: ஆர்டிகே அல்லது பிபிகே (பறந்து முடிந்தபின் கணக்கிட்டுத் திருத்தும் முறை) திருத்திய படநிலைகள் இல்லாமல் இதை நம்ப வேண்டாம். விண்டோஸில் டாக்கர் வழியாக ஓட்டுபவர்கள் கவனிக்க: விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்2 இயல்பாகக் கணினியின் பாதி ராமை மட்டுமே எடுத்துக்கொள்ளும். 128 ஜிபி இருந்தும் மென்பொருளுக்குத் தெரிவது 64தான். அமைப்புக் கோப்பில் நினைவக வரம்பையும் ஸ்வாப்பையும் கூட்டி எழுதிவிட்டுத் தொடங்குங்கள். பணி 137 என்ற எண்ணோடு நின்றால் காரணம் பெரும்பாலும் ராம் தீர்ந்ததே; தொகுதியைச் சிறிதாக்குங்கள், அல்லது ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

டெப்த் மேப் தரத்தைப் பொறுத்தவரை, மெட்டாஷேப்பில் ஹை என்பது படத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் பாதியாக்கியும் மீடியம் என்பது கால்பங்காக்கியும் வேலை செய்கிறது. ஒரு படி இறங்கினால் கையாளும் பிக்சல்கள் நான்கில் ஒரு பங்காகும். வயலும் ஏரிக்கரையும் உள்ள நிலத்தில், 10 செ.மீ. டிஎஸ்எம் கேட்கும் வாடிக்கையாளருக்கு மீடியம் பெரும்பாலும் போதும். கட்டட விளிம்புகளும் மின்கம்பங்களும் வேண்டும் என்னும் நகர்ப்புறத் தொகுதிகளுக்கு மட்டும் ஹை வையுங்கள். முதலில் மிகக் கடினமான ஒரு தொகுதியை மட்டும் ஓட்டி, எடுத்த நேரத்தையும் ராமின் உச்ச அளவையும் குறித்துக்கொண்டு, அதைக் கொண்டு மீதிக்கான தேதியை வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: டிஎஸ்எம், ஆர்த்தோ, ஏற்றுமதி

டிஎஸ்எம்மை ஆர்த்தோவுக்கு முன் கண்ணால் பாருங்கள். நிழலிட்ட வடிவில் பார்த்தால் தொகுதி எல்லைகளில் படிக்கட்டு, நீரின் மேல் எழும் பொய்க்குன்றுகள், தனியே மிதக்கும் புள்ளிகள் எல்லாம் சட்டென்று கண்ணில் படும். ஏரியின் நீர்ப்பரப்பைப் பலகோணமாக வரைந்து ஒரே உயரத்துக்குச் சமப்படுத்திவிடுங்கள். ஆர்த்தோவில் பாலங்களும் உயர்ந்த கட்டட விளிம்புகளும் நெளிகின்றனவா என்று பார்த்து, அந்த இடங்களில் இணைப்புக் கோட்டைக் கையால் மாற்ற வேண்டியிருக்கும். இது கணினியால் வேகப்படுத்த முடியாத வேலை. இதற்கென்று ஆள் நேரத்தை ஒதுக்குங்கள்.

சாதாரண டிஃப் கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகாது. ஏற்றுமதிச் சாளரத்தில் பிக்டிஃப் தேர்வை மறந்தால் மணிக்கணக்கில் எழுதிவிட்டுப் பிழையோடு நிற்கும். ஆர்த்தோவுக்கு ஜேபெக் சுருக்கம், தரம் 90, ஓடுகளாகப் பிரித்தல், ஓவர்வியூ ஆகியவற்றுடன் கிளவுட் ஆப்டிமைஸ்டு ஜியோடிஃப் ஆக எழுதினால் வாடிக்கையாளரின் சாதாரணக் கணினியிலும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தயங்காமல் திறக்கும். டிஎஸ்எம்முக்கு இழப்பற்ற சுருக்கம் மட்டுமே. எல்இசட்டபிள்யூ அல்லது டிஃப்ளேட். பாயிண்ட் கிளவுடை எல்ஏஇசட் வடிவில் கொடுத்தால் எல்ஏஎஸ் அளவில் சிறு பங்காகச் சுருங்கும்.

கிளவுட் எப்போது

வருடத்தில் ஓரிரு பெரிய பணிகள் மட்டுமே வரும் என்றால் கணினி வாங்குவதைவிட, 256 ஜிபி ராம் கொண்ட சர்வரைச் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுப்பது சிக்கனம். தரவேற்றும் நேரத்தைக் கணக்கில் கொள்ளுங்கள்: 100 ஜிபியை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஏற்ற இரண்டே கால் மணி நேரம், 20 மெகாபிட் என்றால் பதினொரு மணி நேரம், அதுவும் இணைப்பு அறுபடாமல் இருந்தால். சட்டப் பக்கமும் உண்டு. 2021 பிப்ரவரி 15 அன்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட புவிசார் தரவு நெறிமுறைகளின்படி, கிடைநிலையில் 1 மீட்டர், செங்குத்தில் 3 மீட்டர் என்ற வரம்பைவிட நுட்பமான தரவை இந்தியாவுக்குள்ளேயே சேமித்துச் செயலாக்க வேண்டும். நாம் இங்கே பேசும் ட்ரோன் வரைபடங்கள் அந்த வரம்பைவிட நுட்பமானவை. ஆகவே சர்வரின் இருப்பிடம் மும்பை, ஐதராபாத் போன்ற இந்திய மையமா என்பதைத் தேர்வுசெய்யும்போதே உறுதிப்படுத்துங்கள். தானாக வெளிநாட்டு மையத்துக்கு நகலெடுக்கும் காப்பு வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

ஆறாம் படி: எதை வைப்பது, எதை அழிப்பது

பணி ஒப்படைக்கப்பட்டதும் வேலை டிஸ்க்கை அடுத்த பணிக்குக் காலி செய்ய வேண்டும். டெப்த் மேப்களும் இடைநிலைக் கோப்புகளும் மிகப் பெரியவை, திரும்ப உருவாக்கத்தக்கவை, அழித்துவிடலாம். மூலப் படங்கள், ட்ரோனின் பிபிகே பதிவுகள், தரையில் வைத்த பேஸ் ஸ்டேஷனின் ரைனெக்ஸ் கோப்புகள் (ஜிபிஎஸ் மூலப் பதிவுகள்), ஜிசிபி ஆயத்தொலைகளும் அவற்றைத் தரையில் எடுத்த புகைப்படங்களும், அலைன்மென்ட் முடிந்த நிலையிலுள்ள பணிக்கோப்பு, கேமரா அளவீடு, செயலாக்க அறிக்கை, இறுதி வெளியீடுகள் ஆகியவை நிரந்தரம். இவற்றை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் எழுதி, ஒன்றை வேறொரு கட்டடத்தில் வையுங்கள். பயன்படுத்திய மென்பொருளின் பதிப்பு எண், ஜியாய்டு மாதிரி, ஆயத்தொலை முறை ஆகிய மூன்றையும் ஓர் எளிய உரைக்கோப்பில் எழுதி அதே ஃபோல்டரில் போடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே ஏரியில் படிந்த வண்டலின் கன அளவை ஒப்பிட்டுக் கேட்டு வாடிக்கையாளர் வரும்போது, முதலில் தேடப்படுவது அந்தக் கோப்புதான்.